கூடையில் வைத்த பட்டியல்

அந்தத் திங்கட்கிழமை காலை கணினியைத் திறந்ததும் எழுந்த புதுத் திரை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மலேசியாவில் கோலா பிலாவுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீசில் நான் தட்டச்சு வேலை பார்த்தேன். சனிக்கிழமை சிரம்பானிலிருந்து வந்த ஒருவர் கணினியில் எதையோ புதிதாக ஏற்றிவிட்டு, இனி எல்லாம் சுலபம் என்று சொல்லிப் போயிருந்தார். பழகிய கட்டங்கள் ஒன்றையும் காணோம். கடிதம் எழுத இரண்டாம் வரிசையில் மூன்றாவது படம் என்று கை தானாகப் போன வழி அடைபட்டுவிட்டது. பச்சையும் நீலமும் கலந்த வெற்றுவெளி, இடது ஓரத்தில் நாலைந்து படங்கள், அடியில் ஒரு சாம்பல் பட்டை. அவ்வளவுதான்.

எங்கள் பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர், யாழ்ப்பாணத்துக் குடும்பத்தவர். தெரியாது என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. அன்று மாலை கணினியை அணைக்கவும் 'ஸ்டார்ட்' பொத்தானைத்தான் அமுக்க வேண்டும் என்று கண்டுபிடித்தபோது, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நிப்பாட்டுறதுக்கு ஏன் பிள்ளை தொடங்கச் சொல்லுது?"

நான் அந்தப் பொத்தானை அமுக்கிக் கணினியை அணைத்தேன்.

தோட்டம் கைமாறியிருந்த நேரம் அது. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களைக் காலி செய்யப்போகும் குடும்பங்களுக்கு மலிவு வீடு கிடைக்கவிருந்தது. அவர்களின் பட்டியல் வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் மாவட்ட அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். வேலையை மேற்பார்க்கும் மண்டோர்கள் சொல்லச் சொல்ல எழுதிய பெயர்களைக் கணினியில் ஏற்றிவிட்டு, கையெழுத்துத் தாள்களைப் பெரிய கிராணி கிழித்துப் போட்டிருந்தார்.

அவர் மேசையில் எப்போதும் ஒரு கம்பிக் கூடை இருக்கும். அவசரத் தாள்களுக்கு அதுதான் இடம். புதுத் திரையிலிருந்த குப்பைக் கூடைப் படத்தையும் அப்படியொன்று என்று நினைத்து, பட்டியலைப் பத்திரமாக அதற்குள் நகர்த்தி வைத்திருக்கிறார். மறுநாள் நான் எதையோ தேடப்போய், அந்தக் கூடையைக் காலி செய்யவா என்று கணினி கேட்ட கேள்வி சரியாகப் புரியாமலே, சரி என்று அமுக்கிவிட்டேன்.

வியாழக்கிழமை காலை பட்டியல் இல்லை. நடந்தது என்னவென்று எனக்குப் புரிந்துவிட்டது, ஆனாலும் தேடுவதுபோல் மேசை அறைகளைத் திறந்து மூடினேன். "நான்தான் எங்கேயோ மாறி வச்சிட்டன்" என்று மேனேஜரிடம் அவரே பழியை ஏற்றுக்கொண்டார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு, "வா பிள்ளை, வீடு வீடாப் போவம்" என்றார்.

வெயிலில் லயம் லயமாக நடந்தோம். ஒவ்வொரு வாசலிலும் அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "இங்க எத்தனை அடுப்பு?" தனி அடுப்பென்றால் தனிக் குடும்பம், தனி வீடு. கடைசி லயத்தில் ஒருவர் ஒன்று என்றார். உள்ளேயிருந்து அவர் தங்கை வந்தாள். புருஷன் விட்டுப்போன பிறகு இரண்டு பெண்பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுப் பின்கட்டில் இருப்பவள், ரப்பர் மரத்தில் பால் வெட்டுபவள்.

"ரெண்டு அடுப்பு கிராணி ஐயா. என்னோடது பின்னால இருக்கு."

அவர் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அவள் பெயரைத் தனி வரியில் எழுதினார். பழைய பட்டியலில் அவள் அண்ணன் கணக்கிலேயே அடங்கியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை பட்டியலைக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் திரும்பும்போது உண்மையைச் சொன்னேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "தெரியும் பிள்ளை. எனக்கு அந்தக் கூடையை வெறுமையாக்கத் தெரியாதுதானே" என்றார்.

அவர் இறந்துபோய்ப் பல வருடங்கள் ஆகின்றன. இப்போது என் கைப்பேசி ஒவ்வொரு முறை முகம் மாறும்போதும் நான் அதே தட்டச்சுக்காரியாகத் திகைத்து நிற்கிறேன். போன மாதம் அந்தக் கடைசி லயத்துப் பெண்ணை, அன்று அவளுக்குக் கிடைத்த வீட்டில் பார்த்தேன். மகள்களைக் கட்டிக்கொடுத்துவிட்டாள்.

"அன்னைக்கு கிராணி ஐயா ஏன் திடீர்னு வீடு வீடா வந்தாருன்னு இன்னும் தெரியலம்மா" என்றாள்.

கையில் அவள் தந்த தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. எங்கிருந்து தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.