பால்மா டின்னில் ஒட்டிய பழி

சுகந்தாவுக்கு ஐரோப்பா எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. ஐரோப்பாவோ அவளைத் தேடித் தேடி வந்து அடித்தது.

பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி, கட்டுநாயக்கவில் ஒரு கார்மென்டில் காற்சட்டைக்கு சிப் தைத்துக்கொண்டிருந்தவள் அவள். 2010இல் ஐரோப்பியக் கூட்டமைப்பு இலங்கை ஏற்றுமதிக்குக் கொடுத்துவந்த வரிச் சலுகையை நிறுத்தியது. கொழும்பில் பெரிய மனிதர்கள் வீறாப்புப் பேசினார்கள். அவர்களில் ஒருவருக்கும் வேலை போகவில்லை. சுகந்தாவின் லைனில் நாற்பது பெண்களுக்குப் போனது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

வளைகுடாவில் அல் குசைஸுக்கு வேலைக்கு வந்து பதினோரு வருடம். ஒட்டகப்பால் மாவை டின்னில் அடைத்து அனுப்பும் கம்பெனியில் லேபிள் மேசைக்கு அவள்தான் மூத்தவள். அவள் ஒட்டிய லேபிள் ஒன்றுகூடக் கோணாது.

அடுத்த அடி பிரிட்டனிலிருந்து வந்தது. அந்த நாடு கூட்டமைப்பை விட்டு வெளியேறி வருடங்கள் ஆகியும், மழை விட்டும் தூவானம் விடவில்லை. அங்கே விற்கும் பால் பொருள்களில் ‘ஐரோப்பியக் கூட்டமைப்புக்கு அல்ல’ என்று ஒட்ட வேண்டிவரும் என்று 2024இல் சொன்னார்கள். விதி வருமுன்பே ஒட்டச் சொல்லி மேனேஜர் ஷ்யாம் முந்திக்கொண்டார். சுகந்தாவும் மற்ற எட்டுப் பெண்களும் வார லீவையும் விட்டு ஒட்டினார்கள். சரக்கு கப்பலேறிய பிறகு, அந்த விதியே வேண்டாம் என்று லண்டனில் கைவிட்டார்கள். லேபிளில் அந்த வாசகத்தைப் பார்த்தால் மட்டமான சரக்கு என்று ஜனங்கள் நினைப்பார்கள் என்று, வாங்க வேண்டியவர்கள் ஆர்டரையே ரத்து செய்தார்கள்.

முதலாளிக்கு யாராவது ஒருவர் பதில் சொல்ல வேண்டும். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. ஷ்யாம் ஒன்பது பெண்களையும் ஆபீசுக்குக் கூப்பிட்டு ஆளுக்கொரு ஆங்கிலக் காகிதம் நீட்டினார். சும்மா ஃபார்மாலிட்டிதான், கையெழுத்துப் போட்டால் விசா புதுப்பிக்கலாம் என்றார். அடுத்த மாதம் சுகந்தாவின் விசா முடிகிறது. அது போனால் மறுபடி தோட்டம்தான்.

எட்டுப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். அவர்கள் தங்கியிருந்த தொழிலாளர் கேம்ப் வழக்கம் அது. நீட்டிய இடத்தில் போடுவது. சுகந்தா காகிதத்தை எடுத்துக்கொண்டு நேராகத் தரப் பரிசோதனை அறைக்குப் போனாள். அங்கே வேலை பார்க்கும் காத்தான்குடி ஹிஃப்ஸா அதை மெல்லப் படித்துச் சொன்னாள்: “‘என் கவனக்குறைவால் தவறான லேபிளை ஒட்டிவிட்டேன்’ என்டு எழுதியிருக்கு அக்கா.”

சுகந்தாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பதினோரு வருடத்தில் ஒரு லேபிள் கோணாதவளுக்குக் கவனக்குறைவாம்! அந்த வரியைக் குறுக்கே அடித்தாள். கீழே தமிழில், ‘ஒட்டச் சொன்னதைத்தான் ஒட்டினேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ஷ்யாம் மதுரைக்காரர். படித்ததும் முகம் கறுத்தது. விசாவை மறந்துவிடு என்றார்.

“அந்த நாடு வெளிய போனதுக்கு நான் ஏன் சார் மன்னிப்புக் கேக்கணும்? போங்கன்னு நானா சொன்னேன்?” என்றாள் சுகந்தா.

ஆர்டர் இல்லாத கம்பெனிக்கு லேபிள் மேசை எதற்கு? மாதக் கடைசியில் ஒன்பது பேரையும் நிறுத்தினார்கள். கையெழுத்துப் போட்ட எட்டுப் பேரின் கடிதத்திலும் காரணம் ‘கவனக்குறைவு’ என்று இருந்தது. அதைக் காட்டினால் எந்தக் கம்பெனியும் வேலைக்குச் சேர்க்காது. சுகந்தாவின் கடிதத்தில் மட்டும் ‘வேலை குறைவு’.

கேம்புக்குத் திரும்பும் பஸ்ஸில் அந்த எட்டுப் பேரும் அழுதார்கள். தப்பித்த நிம்மதி சுகந்தாவுக்கு ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. காகிதத்தை ஹிஃப்ஸாவிடம் கொண்டுபோனபோது, இவர்களையும் கையைப் பிடித்து இழுத்துப் போகாமல் விட்டோமே என்று அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.