மணியம் இன்னும் சூடாகவில்லை

போன சனிக்கிழமை காலை எங்கள் வீட்டில் அழுகிய முட்டை நாற்றம். என் கணவர் ஐஸ்பெட்டியைத் திறந்து ஒவ்வொரு முட்டையாக முகர்ந்துகொண்டிருந்தார். "நீதான் பழசப் பாத்து வாங்கிட்டு வந்திருப்ப" என்று பழி வேறு. நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். மூச்சைப் பிடித்துக்கொண்டு போய், சாப்பாட்டு மேசை மேல் இருந்த மீட்டர் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எல்லாச் சன்னல்களையும் திறந்து வைத்தேன்.

"அலமாக்! வீட்டக் கொளுத்திடாதம்மா" என்றார் அவர், கையில் முட்டையோடு.

கண்ணாடி வால்வு வைத்த பழைய வோல்ட்மீட்டருக்குள் செலினியம் ரெக்டிபையர் என்று ஒரு தகட்டு அடுக்கு இருக்கும். அது எரிந்தால் இந்த நாற்றம்தான். உங்களுக்கு என் பைத்தியம் புதிது என்பதால் சொல்லிவிடுகிறேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு என் வயதுப் பெண்கள் பூச்செடி வளர்க்கிறார்கள். நான் என்னைவிட மூத்த மீட்டர்களைப் பழுது பார்க்கிறேன். பத்து பாகாட் ஊரின் பழைய சாமான் கடைகளில் பொறுக்கியவை ஆறு, ஏழாவது வேறு வழியில் வந்தது. சாதாரண மீட்டர் தான் அளக்கிற இடத்திலிருந்தே கொஞ்சம் மின்சாரத்தைக் குடித்துவிடும், வால்வு மீட்டர் குடிக்காது. சும்மா பார்த்துவிட்டுச் சொல்லும். அந்தக் குணம் எனக்குப் பிடிக்கும், எனக்குத்தான் அது இல்லை.

அதைவிடப் பெரிய ருசி, திறந்து பார்ப்பதில் இருக்கிறது. ஒன்றில் காய்ந்துபோன பல்லி கிடந்தது. இன்னொன்றில் பேட்டரி கசிந்து பச்சையாகப் பூத்திருந்தது. எனக்கு முன்னால் திறந்தவர் பொறுமைசாலியா, கடனே என்று செய்தவரா என்பது அவர் ஈயம் பற்றவைத்த விதத்திலேயே தெரிந்துவிடும். அதனால் யார் கேட்டாலும் ஒரே விதிதான் சொல்வேன்: திறந்து பார்க்காமல் சுவிட்சைப் போடாதே. போன சனிக்கிழமை, ஏழாவது மீட்டரில், அந்த விதியை நானே மீறினேன். அதைத் திறக்க எனக்குப் பயம்.

அது நான் வேலை செய்த கேசட் ரேடியோ தொழிற்சாலையில் இருந்த மீட்டர். இருபத்தொரு வயதில் சிம்பாங் ரெங்கத்திலிருந்து வந்து, பழுது பார்க்கும் மேசையில் உட்கார்ந்தேன். எதிரில் ரொக்கியா. பாலோ பக்கம் ரப்பர் தோட்டத்தில் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்த மலாய்க்காரி. அவளுடைய தமிழ் என் தமிழைவிடச் சுத்தம். எங்கள் இருவருக்கும் நடுவே இந்தப் பெட்டி. சுவிட்சைப் போட்டால் வால்வு சூடாக அரைமணி நேரம் ஆகும். அதுவரை முள்ளைப் பூச்சியத்தில் நிறுத்த முடியாது. நிறுத்திவிட்டுத் திரும்பினால் வேறெங்கோ போய் நிற்கும்.

எங்கள் பிரிவுத் தலைவர் மணியம் அண்ணனும் அப்படித்தான். காலையில் வணக்கம் சொன்னால் பதில் வராது. பால் சேர்க்காத தே-ஓ ஒன்று குடித்து அரைமணி நேரம் போனால்தான் மனிதர் நிலைக்கு வருவார். ரொக்கியாதான் மீட்டருக்கு மணியம் என்று பெயர் வைத்தாள். "மணியம் பெலும் பானாஸ் லா!" மணியம் இன்னும் சூடாகவில்லை. மலாயில் பானாஸ் என்றால் சூடு, கோபமும் அதுதான். தமிழிலும் அப்படித்தானே. இரண்டு மொழியிலும் செல்லுபடியாகிற கேலி எங்கே கிடைக்கும்! தினமும் சொல்லிச் சிரித்தோம்.

அவர் மட்டும் என்னவாம். முதல் வாரத்திலேயே நான் அரைமணி பொறுக்காமல் பூச்சியம் வைத்து, நல்ல போர்டுகளை எல்லாம் கெட்டுப்போனது என்று ஒதுக்கிவிட்டேன். அன்றிலிருந்து என் பெயர் போய், அவசரம் என்பதே பெயராகிவிட்டது. "ஏம்மா அவசரம், இங்க வா" என்றுதான் கூப்பிடுவார். எனக்கு எரிச்சலாக வரும். அந்த எரிச்சலில் ரொக்கியாவைவிடச் சத்தமாகச் சிரிப்பேன்.

ஒரு விஷயம் மட்டும் எங்களுக்கு விளங்கவில்லை. மீட்டர் மக்கர் பண்ணும், புகார் செய்வோம், யாரும் வந்து பார்க்க மாட்டார்கள். பெருநாள் லீவு முடிந்து வந்தால் தானே சரியாகியிருக்கும். யார் சரி செய்கிறார்கள் என்று நாங்கள் கேட்டதும் இல்லை.

ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம் முள் அசையவே இல்லை. "மணியத்துக்கு மண்டையில ரெண்டு தட்டு தட்டுனாத்தான் சூடாவாரு" என்று சொல்லிப் பெட்டியை ஓங்கித் தட்டினேன். ரொக்கியாவின் முகம் வெளுத்தது. என் முதுகுக்குப் பின்னால் தே-ஓ பொட்டலத்தோடு மணியம் அண்ணன்.

"இன்னும் பத்து நிமிஷம் விட்டுப் பாரும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவசரம் என்று கூப்பிடவில்லை. அதுதான் சுருக்கென்றது.

அடுத்த மாதம் அவர் சிங்கப்பூர் வேலைக்குப் போய்விட்டார். அப்போது பாதி ஜொகூர் அங்கேதான் போய்க்கொண்டிருந்தது, ஆனாலும் நான் விரட்டிவிட்டதாகவே எனக்குப் பட்டது. மன்னிப்புக் கேட்க வெட்கப்பட்டு, காய்ச்சல் என்று பொய் சொல்லி, வழியனுப்பு விருந்துக்குக்கூடப் போகவில்லை. கொஞ்ச நாளில் டிஜிட்டல் மீட்டர்கள் வந்தன. மீட்டர் மணியம் ஸ்டோர் ரூமுக்குப் போனார். தொழிற்சாலையை மூடியபோது காயலான் கடைக்குப் போகவிருந்த பெட்டியை நான் வீட்டுக்குத் தூக்கி வந்து அலமாரி மேல் வைத்தேன். இடையில் மணியம் அண்ணன் இறந்த செய்தியும் வந்தது.

அந்தச் சனிக்கிழமை நாற்றம் அடங்கிய பிறகு, வேறு வழியில்லாமல் நான்கு திருகாணிகளையும் கழற்றினேன். உள்ளே ஈயம் வைத்திருந்த விதம் முத்து முத்தாக இருந்தது. பெட்டியின் உட்சுவரில் பென்சில் எழுத்து. மணியம் அண்ணன் லீவுப் பட்டியலில் கையெழுத்துப் போடும் அதே சாய்ந்த எழுத்து.

"சீனப் பெருநாள் லீவு. சின்ன மணியத்துக்கு வால்வு மாற்றப்பட்டது. இப்படிக்கு, பெரிய மணியம்."

பக்கத்தில் இருந்த தேதி, நான் பெட்டியைத் தட்டிய அதே வருடத்துச் சீனப் பெருநாள்; நான் தட்டுவதற்கு முன்பே எங்கள் கேலி அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதற்குக் கீழே, கார்த்திகை மாதத் தேதியோடு இன்னொரு வரி.

"நான் சிங்கப்பூர் போகிறேன். இனி சின்ன மணியத்தை அவசரம் பார்த்துக்கொள்ளும்."

கையில் திருப்புளியோடு அழுதேன். ரொக்கியா இப்போது மூவாரில் மகளோடு இருக்கிறாள். போன் போட்டுப் படித்துக் காட்டினேன். வெகுநேரம் சிரித்தாள்.

"ஏண்டி, அவசரம்னு பேரு வாங்கிக்கிட்டு, இதத் தொறக்க உனக்கு முப்பத்தஞ்சு வருஷமா?" என்றாள்.

செலினியத்தை எடுத்துவிட்டு ஒரு டயோடைப் போட்டேன். அரைமணி நேரம் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். முள் பூச்சியத்தில் நின்றது. மூடுவதற்கு முன் பென்சிலால் எழுதினேன்: "சின்ன மணியத்துக்கு ரெக்டிபையர் மாற்றப்பட்டது. தாமதத்துக்கு மன்னிக்கவும். இப்படிக்கு, அவசரம்."

தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது ஒரு நாற்காலிக் கிடங்கு இருக்கிறது. அவசரம் என்று என்னைக் கூப்பிடத்தான் யாரும் இல்லை.