தூக்கத்தில் கழிந்த அரை மணி நேரம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு மாசி மாத மாலையில் விருத்தாசலத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது. ஆழ்கடலில் திமிங்கிலமும் டால்பினும் எத்தனை இருக்கும் என்று கணக்கெடுக்கும் கப்பலில் மூன்று வாரம் ஒப்பந்த வேலை பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தேன். தினமும் திமிங்கிலத்தைப் பார்த்திருப்பேன் என்று தெருவில் எல்லோருக்கும் நினைப்பு. நான் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் தண்ணீர்தான்.

கப்பல் நேர்கோட்டில் போகும். மேல்தளத்தில் பைனாகுலரோடு நின்று, கண்ணில் பட்டதை எழுத வேண்டும். எதுவும் படாவிட்டால் ‘ஒன்றுமில்லை’ என்று எழுத வேண்டும். எவ்வளவு தூரம் பார்த்ததில் எத்தனை தென்பட்டன என்பதை வைத்துத்தான் மொத்தக் கடலுக்கும் கணக்குப் போடுவார்கள். ஆகவே அந்த ‘ஒன்றுமில்லை’யும் கணக்கில் சேரும்.

வீட்டில் அந்தத் தாள்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தேன். பதினோராம் நாள் தாள் வந்ததும் கை நின்றுவிட்டது. என்னோடு நிற்க வேண்டியவர் அன்று வாந்தியெடுத்துப் படுத்தவர், நாலைந்து நாள் எழவில்லை. அந்த முதல் நாளே, தனியாக நின்ற நான் கம்பியில் சாய்ந்தபடியே அரை மணி நேரம் தூங்கிப்போனேன். விழித்ததும், யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்து, ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிவிட்டேன்.

அடுத்த பயணத்துக்கும் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். இதைச் சொன்னால் அந்த வேலை போய்விடும். செராமிக் கம்பெனியில் ஜாடிகளைத் தட்டிப் பார்த்து விரிசல் கண்டுபிடிக்கிற என் மனைவி, வேலை முடிந்து வந்து சுவரில் சாய்ந்திருந்தாள். அவளிடம் சொன்னேன். போகட்டும் விடுங்க என்பாள் என்று எதிர்பார்த்தேன்.

“நீங்க தூங்கும்போது ஏதாவது போயிருந்தா?” என்றாள்.

“தெரியாது.”

“அப்ப தெரியலன்னுதான எழுதணும்? தட்டிப் பாக்காத ஜாடிய நல்லதுன்னு நான் பொட்டில வைக்கிறதில்லைங்க.”

எனக்குக் கோபம்தான் வந்தது. வெயிலில் நின்றவன் நான். ஆனாலும் மேற்கொண்டு ஒரு வரிகூட ஏற்ற முடியவில்லை. குழுத் தலைவருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.

“சொன்னதுக்கு நன்றிங்க. அந்த அரை மணிய எடுத்துடலாம். ஆனா நீங்க தனியா நின்ன மத்த நேரத்த நான் எப்படி நம்புறது?” என்றார். திட்டவில்லை, அவர் குரலிலும் அலுப்புதான் இருந்தது.

நான் தனியாக நின்று எழுதிய தாள்கள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டார்கள். அடுத்த பயணத்துக்கு அழைப்பு வரவில்லை. அசதியில் தூங்கியதை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். அதை மறைக்க எழுதிய ஒரு வார்த்தை, கண் எரிய எரிய நிஜமாகவே கடலைப் பார்த்து நின்ற நேரத்தையும் சேர்த்து அழித்துவிட்டதே, அதைத்தான் இன்றுவரை ஆற்றிக்கொள்ள முடியவில்லை.