பொது மறுப்பும் அரை பிளேட் பிரியாணியும்

நான் எழுதிய பதில் நோட்டீசை ஒரு நர்சிங் கல்லூரி முதல்வர் என் கண் முன்னாலேயே சத்தமாக வாசித்துக் காட்டினார். அன்றைக்கு அவர் மேசைக்கு அடியில் கொஞ்சம் இடம் இருந்திருந்தால் புகுந்துகொண்டிருப்பேன். என்னிடம் ஜூனியராக வருகிற பிள்ளைகளுக்கு முதல் நாளே இந்தக் கதையைச் சொல்லிவிடுவேன். மற்றவர்கள் சொல்லிக் கேட்பதைவிட நானே சொல்லிவிடுவது மேல்.

1. ஒரு தாயும் மகளும்

நான் சங்கரன்கோவில் கோர்ட்டில் சிவில் வக்கீல். குருவிகுளத்து வரப்புத் தகராறு, திருவேங்கடத்துப் பாகப்பிரிவினை, இதுதான் என் பிழைப்பு. சிவில் வக்கீலுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதிராளி என்ன சொன்னாலும் மறுத்துவிட வேண்டும். ஒரு பாராவை மறுக்க மறந்தால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று என் சீனியர் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். அதனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் மறுப்பேன். அதில் எனக்கு நல்ல பேரும் இருந்தது.

ஒரு நாள் காலை கோர்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது இசக்கியம்மாள் வந்தாள். ஜி.என்.எம். என்கிற நர்சிங் டிப்ளமோவில் இரண்டாம் வருஷ மாணவி. ஒல்லி உடம்பு, இறுக்கிப் பின்னிய சடை, சட்டைப் பையில் மூன்று நிறத்தில் பேனா. கூட அவள் அம்மா. பேச ஆரம்பித்ததே அம்மாதான்.

"வக்கீலம்மா, எம் மவ பொய் எழுதிட்டான்னு சொல்லுதாவ. பரீட்சை எழுத விட மாட்டாவளோன்னு பயமா இருக்கு. நீங்கதான் காப்பாத்தணும்."

நோட்டீசை வாங்கிப் பார்த்தேன். மூன்றே பாரா. ஒன்று, நீ எங்கள் கல்லூரி மாணவி. இரண்டு, ஆஸ்பத்திரியில் வார்டு பயிற்சியின்போது மதியம் ஒரு மணிக்கு நீ வார்டில் இல்லை. மூன்று, பன்னிரண்டாம் கட்டிலில் நோயாளியே இல்லாத நேரத்தில் அவருக்கு பி.பி. பார்த்ததாகச் சார்ட்டில் பொய்ப் பதிவு செய்திருக்கிறாய். ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று எழுத்து மூலம் விளக்கம் கொடு.

நர்சிங்கில் பொய்ப் பதிவு என்பது சின்ன விஷயமில்லை. நன்னடத்தைச் சான்றிதழில் அது ஏறிவிட்டால் எந்த ஆஸ்பத்திரியும் அவளைச் சேர்த்துக்கொள்ளாது. நோயாளியின் உயிரே அந்தக் காகிதத்தை நம்பி இருக்கிறது. அது எனக்கும் தெரியும். அதனால்தான் ரத்தம் சூடாகிவிட்டது.

"மேடம், அன்னைக்கு அந்தத் தாத்தா என்ன செஞ்சார்னா..." என்று இசக்கி ஆரம்பித்தாள்.

"நீ பேசாதே. நீ எது பேசினாலும் அது உனக்கு எதிரா வரும்."

"எல்லாம் சார்ட்ல எழுதியிருக்கேன் மேடம்."

"சார்ட் யார் கையில இருக்கு? அவங்க கையில. அது எதிராளி டாக்குமென்ட். அதைப் பத்தி வாயே திறக்கக் கூடாது. நான் பாத்துக்கிடுதேன், நீ போ மக்கா."

அவள் மறுபடியும் வாயைத் திறந்தாள். நான் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு படி இறங்கிவிட்டேன். அவளுக்கு நான் ஒதுக்கிய நேரம் ஏழு நிமிஷம் இருக்கும்.

2. என் பதில்

அன்று சாயங்காலமே பதில் நோட்டீஸ் தயார். எழுதும்போது எனக்கே அப்படி ஒரு சந்தோஷம். 'தங்கள் நோட்டீசில் கண்ட சங்கதிகள் முழுவதும் பொய். முதல் பாராவில் கண்டது மறுக்கப்படுகிறது. இரண்டாம் பாராவில் கண்டது மறுக்கப்படுகிறது. என் கட்சிக்காரர் மேற்படி நேரம் முழுவதும் வார்டை விட்டு ஓர் அடிகூட நகரவில்லை' என்று வெளுத்து வாங்கியிருந்தேன். கடைசியில் மானநஷ்ட வழக்கு, உயர்நீதிமன்றம், செலவுத் தொகை என்று மூன்று மிரட்டல். கையெழுத்துப் போட்டு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். இசக்கியிடம் காட்டவே இல்லை. காட்ட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

நான்கு நாளில் பலன் தெரிந்தது. அதுவரை விளக்கம் மட்டும் கேட்டிருந்த கல்லூரி, இப்போது அவள் ஹால் டிக்கெட்டை நிறுத்தி வைத்துவிட்டு, திங்கட்கிழமை விசாரணை என்று சொல்லிவிட்டது. வியாழக்கிழமை பரீட்சை. எழுதாவிட்டால் ஒரு வருஷம் போச்சு. காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கப் போய் அம்மையை வரவழைத்த வைத்தியர் மாதிரி ஆகிவிட்டது என் நிலைமை. ஆனாலும் வீறாப்பாகத்தான் போனேன்.

3. விசாரணை

முதல்வர் அம்மா பழைய வார்டு சிஸ்டர். குரலை உயர்த்தாமலே ஆளை உட்கார வைக்கிற ரகம். பக்கத்தில் புகார் கொடுத்த டியூட்டர், வார்டில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிற ஆசிரியை. மேசையில் ஒரு தடித்த ஃபைல். என் நோட்டீசில் ஹைகோர்ட்டைப் பார்த்ததும், எதற்கும் இருக்கட்டும் என்று அந்த நோயாளியின் கேஸ் ஷீட் முழுவதையும் ரெக்கார்டு ரூமிலிருந்து நகல் எடுத்து வரவழைத்திருந்தார்கள்.

முதல்வர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் பதிலை வாசித்தார். முதல் பாரா வந்ததும் நிறுத்தினார்.

"மேடம், இசக்கியம்மாள் எங்க காலேஜ் ஸ்டூடண்ட்னு நாங்க எழுதியிருக்கோம். நீங்க மறுத்திருக்கீங்க. அப்போ அவ எங்க ஸ்டூடண்டே இல்லியா?"

"அது வந்து... பொதுவான மறுப்பு மேடம்."

"ஸ்டூடண்டே இல்லாத பிள்ளைக்கு நான் எப்படி ஹால் டிக்கெட் கொடுக்க?"

டியூட்டர் தொண்டையைச் செருமுகிற சாக்கில் சிரித்தார். முதல்வர் அடுத்த பாராவுக்குப் போனார். "வார்டை விட்டு ஓர் அடிகூட நகரவில்லை..." என்று அவர் வாசித்ததும் இசக்கி எழுந்தேவிட்டாள்.

"நான் நகர்ந்தேன் மேடம்! நான் வார்டுல இல்ல!"

மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பி.பி. சார்ட்ல நம்பர் மட்டும்தான் எழுத இடம் இருக்கு. இன்டேக் சார்ட்டைப் பாருங்க மேடம். எல்லாம் அதுல இருக்கு."

இன்டேக் சார்ட் என்றால் நோயாளி உள்ளே என்ன சாப்பிட்டார், குடித்தார் என்று அளவோடு குறிக்கிற காகிதம். டியூட்டர் அன்று பி.பி. சார்ட்டை மட்டும் எடுத்துப் போயிருந்தார். இது கட்டில் கால்மாட்டிலேயே தொங்கியிருக்கிறது. முதல்வர் ஃபைலில் தேடி எடுத்து வாசித்தார். ஆங்கிலத்தில் இருந்ததன் சாரம் இது:

'மதியம் 12.50. நோயாளி கட்டிலில் இல்லை. பிரியாணிக் கடைப் பக்கம் போனதாக வாட்ச்மேன் தகவல். 1.00. நோயாளி கடையில் மூன்றாவது மேசையில் காணப்பட்டார். பி.பி. 170/100, உட்கார்ந்த நிலை, இடது கை. வலது கை சாப்பாட்டில் இருந்தது. உட்கொண்டது: மட்டன் பிரியாணி அரை பிளேட், எலுமிச்சை சர்பத் 200 மில்லி. மீதி அரை பிளேட் அப்புறப்படுத்தப்பட்டது. நோயாளி ஒத்துழைக்கவில்லை. 1.20. வார்டுக்கு அழைத்து வரப்பட்டார்.'

டியூட்டர்தான் முதலில் வாயைத் திறந்தார். "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல ஏட்டி?"

"சொல்ல வந்தேன் மேடம். எழுத்து மூலமா கொடுன்னுட்டீங்க. எழுதலாம்னு பாத்தா..." அவள் முடிக்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

முதல்வர் லேசில் விடுகிறவர் இல்லை. இதுவும் பிறகு எழுதிச் சேர்த்ததாக இருக்கலாம் அல்லவா? கேஸ் ஷீட்டில் இருந்த எண்ணுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார். எடுத்தது நோயாளியேதான். பனவடலிசத்திரம் பக்கம் ஆடு மேய்க்கிற சுடலைமுத்து தாத்தா. பின்னால் ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன.

"தாத்தா, ஆஸ்பத்திரியில இருக்கும்போது பிரியாணி சாப்பிடப் போனீங்களா?"

"யாரு, என் மருமவ கேக்கச் சொன்னாளா?"

"இல்ல தாத்தா, நர்சிங் காலேஜ். எங்க பிள்ளை ஒண்ணு உங்க பின்னால வந்துச்சா?"

"அதை ஏன் கேக்கிய! வாயில வச்சுக்கிட்டு இருக்கேன், கையில பட்டியைச் சுத்தி புஸ்ஸு புஸ்ஸுன்னு அமுக்குதா. கடையே வேடிக்கை பாக்கு. தட்டையும் புடுங்கிட்டா. அந்தப் பிள்ளை நல்லா இருக்காளா?"

"நல்லா இருக்கா. நீங்க அரை பிளேட் சாப்பிட்டீங்கன்னு எழுதியிருக்கா."

"அரையா?" தாத்தாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "அவ வாரதுக்கு முன்னாலயே ஒரு பிளேட்டு முழுசா முடிச்சிட்டேன்லா! அவ பாத்தது ரெண்டாவது பிளேட்டு."

முதல்வர் வாயைப் பொத்திக்கொண்டார். டியூட்டர் மேசையில் தலை கவிழ்ந்து குலுங்கினார். நானும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். சிரிக்காத ஒரே ஆள் இசக்கி. அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"அப்போ ஒண்ணரை பிளேட்டா? என் சார்ட் தப்பா மேடம்?" சட்டைப் பைக்குள் கை போய்விட்டது. "திருத்திக்கிடட்டுமா?"

தன் படிப்பே மேசைமேல் கிடக்கிற நேரத்தில் அந்தப் பிள்ளை, ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்ட ஒரு நோயாளி சாப்பிட்ட ஒரு பிளேட் பிரியாணிக்காகப் பேனாவைத் தேடினாள். முதல்வர் அந்த நகலை அவள் பக்கம் நகர்த்தினார். நர்சிங்கில் அடித்துக் கிறுக்கக் கூடாதாம். பழையது தெரிகிற மாதிரி ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதித் தேதியோடு கையெழுத்துப் போட வேண்டுமாம். அவள் அப்படியே செய்தாள். 'நோயாளி பிறகு தெரிவித்தபடி' என்றும் சேர்த்துக்கொண்டாள்.

முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை, என் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"பொய்ப் பதிவு இல்லை. அது முடிஞ்சுது," என்றார். "ஆனா சிஸ்டர்கிட்ட சொல்லாம வார்டை விட்டுப் போனது தப்பு. பரீட்சை முடிஞ்ச பிறகு மூணு நாள் கூடுதல் டூட்டி. சரியா?"

"சரி மேடம்."

பிறகு என் நோட்டீசை என்னிடமே நீட்டினார். "இதை வாபஸ் வாங்கிக்கிடுங்க. இல்லேன்னா நாளைக்கும் இவ எங்க ஸ்டூடண்ட் இல்ல."

அவர் ஹால் டிக்கெட்டில் போட்ட கையெழுத்தின் மை காய்வதற்குள் வாபஸ் கடிதம் எழுதிக் கொடுத்தேன். என் வாழ்நாளில் நான் எழுதிய மிகச் சின்னக் கடிதம் அதுதான்.

4. வெளியே

வாசலில் அவள் அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க மட்டும் இல்லேன்னா..." என்று அழுதாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நான் மட்டும் இல்லையென்றால் அந்தப் பிள்ளை அரைப் பக்கத்தில் நடந்ததை எழுதிக் கொடுத்து, முதல் நாளே தப்பித்திருப்பாள்.

இசக்கியைத் தனியாகக் கூப்பிட்டேன். "என் மேல கோவமா மக்கா?"

"இல்ல மேடம். நல்லதுக்குத்தானே செஞ்சீங்க." கொஞ்சம் தயங்கினாள். "ஆனா எங்களுக்கு முதல் வருஷம் முதல் கிளாஸ்ல சொல்லித் தந்தது என்னன்னா, நோயாளி பேசி முடிக்க முன்னால ஊசியை எடுக்கக் கூடாதுன்னுதான்."

அதற்கு நான் என்ன மறுப்பு எழுத?

இப்போதும் பிள்ளைகள் நோட்டீசும் கையுமாக என்னிடம் வருகிறார்கள், வருகைப் பதிவு குறைவு என்று ஒருத்தி, ரெக்கார்டு நோட்டில் பிரச்சினை என்று ஒருத்தி. நான் நாற்காலியைக் காட்டுகிறேன். மின்விசிறியைப் போடுகிறேன். "என்ன நடந்துச்சு, சொல்லு" என்று கேட்டுவிட்டு, அவள் முடிக்கும் வரை பேனா மூடியைத் திறப்பதில்லை.