மகளுக்குக் குதிரை காட்டிய நாள்

திருப்போரூரிலிருந்து செங்கல்பட்டு போகும் வழியில், எங்கள் மனைப்பிரிவுக்குப் பின்னால் ஒரு பாறை மலை இருக்கிறது. மலை என்று நாங்கள்தான் மரியாதை கொடுக்கிறோம், கொஞ்சம் பெரிய குன்று. மழைக்காலத்தில் ஒரு காலை, மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனபோது அதன்மேல் குதிரைகளைப் பார்த்தேன். ஒரு செம்பழுப்புப் பெண் குதிரை, இரண்டு சாம்பல் நிறம், ஒரு குட்டி. கயிறும் இல்லை, கூட ஆளும் இல்லை. தூறலில் ஒன்றன் கழுத்தில் ஒன்று தலையைச் சாய்த்து நின்றன. கணவர் போன பிறகு என் தோளில் யாரும் கை வைத்ததே இல்லை.

மலையடியில் ஆடு மேய்க்கும் பெண்ணிடம் விசாரித்தேன். மாமல்லபுரம் கடற்கரையில் சவாரி ஓட்டியவையாம். தீனி போட்டுக் கட்டுப்படியாகாமல் யாரோ அவிழ்த்து விட்டுவிட்டானாம். குட்டி இங்கேயே பிறந்ததாம்.

"கிட்ட மட்டும் போவாதக்கா. இப்ப அதுங்க காட்டுக் குதிரைங்கதான். ஒதச்சிதுன்னா வூடு போய்ச் சேரமாட்ட."

நான் கேட்பவளா? காலையில் பாதி மலை ஏறி, ஒரு பாறையில் உட்கார்ந்துகொள்வேன். அங்கிருந்து பார்த்தால் கிழக்கே கடல் ஒரு கோடாகத் தெரியும். குதிரைகள் தலையைத் தூக்கி மோப்பம் பிடித்துவிட்டு மறுபக்கம் நகர்ந்துவிடும். கேரட் வாங்கிப்போய் வைத்தேன். ஆடுகள் தின்றன.

இதையெல்லாம் பெங்களூரில் இருக்கும் மகளிடம் போனில் சொன்னதுதான் வினை. அவள் வளர்ந்ததெல்லாம் இந்தப் பக்கம்தான். அந்த மலையில் குதிரையா என்று சிரித்தாள். படம் எடுத்து அனுப்பினேன், புள்ளி புள்ளியாக விழுந்தது. போன மாதம் அடுப்பில் பால் தீய்ந்த கதையை நானே சொல்லித் தொலைத்திருந்தேன். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டாள். குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்த கதையாக, மருமகன் நரம்பு டாக்டரிடம் நேரமே வாங்கிவிட்டார்.

மறதி நோய் என்றால் தனியாக விடமுடியாது, வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்துவிடு என்று தினமும் கேட்டாள். எனக்கு வந்ததே கோபம். ஆயுசு முழுக்க ஆபீசில் கணக்குப் பார்த்தவள், எனக்கா மறதி? உன் மாடி வீட்டு ஜன்னலில் நான் என்னத்தைப் பார்ப்பது, வந்து நேரில் பார்த்துவிட்டுப் பேசடி என்றேன்.

வந்தாள். ஒரு சனிக்கிழமை காலை, என் கையைப் பிடித்து மலை ஏற்றினாள். வழுக்குகிற இடத்தில் "மெதுவாம்மா" என்றாள். உச்சிக்குப் போகும்வரை அவள் கையை விடவில்லை. எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

உச்சியில் இருக்கும் சுனை ஓரமாகக் குதிரைகள் நின்றன. குட்டி எங்களைக் கண்டு துள்ளித் தாய்க்குப் பின்னால் ஒளிந்தது. காற்றில் பிடரி பறக்க, செம்பழுப்பு எங்களையே முறைத்தது.

"இப்ப சொல்லுடி, யாருக்குக் கோளாறு?" என்றேன். அப்படியொரு கெத்து எனக்கு.

அவள் கண் கலங்கிவிட்டது. உடனே மருமகனை வீடியோவில் கூப்பிட்டுக் குதிரைகளைக் காட்டினாள். அம்மா நல்லாத்தான் இருக்காங்க, டாக்டர்கிட்ட வரலைன்னு சொல்லிடுங்க என்றாள். என்னைக் கட்டிப்பிடித்து மன்னிப்புக் கேட்டாள்.

"உன்னைப் போட்டு ரொம்பப் படுத்திட்டேன்மா. இனிமே பெங்களூர் வா வான்னு தொந்தரவு பண்ணமாட்டேன். நீ உன் இஷ்டப்படி இங்கேயே இரு."

நல்லது என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது? ஜெயித்தவள் நான்தானே.

இறங்கும்போது பாரம் இறங்கியவளாக முன்னால் துள்ளி நடந்தாள். எனக்குப் பாதை பழக்கம் என்று தெரிந்துவிட்டதால் கை கொடுக்கவில்லை. மறுநாள் கிளம்புவதாக இருந்தவள், அன்றைக்கே மதியச் சாப்பாடு ஆனதும் கிளம்பிவிட்டாள். வாசலில் நின்று கார் திரும்பும்வரை பார்த்தேன். அந்த ஒரு நாள் மட்டும் குதிரைகள் மறுபக்கம் போயிருக்கக் கூடாதா என்று இருந்தது. வந்துடும்மா என்று இன்னும் ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால், போயிருப்பேன்.