நிக்கல் காட்மியம் சௌரிராஜன்

கோரிப்பாளையத்தில் டேப் ரெக்கார்டர் பழுது பார்க்கும் சௌரிராஜனை ஞாயிற்றுக்கிழமைகளில் அசைக்க ஆளில்லை. அன்றைக்குத்தான் வற்றிக் கிடக்கும் கண்மாய்க்குள் ரிமோட் கார் பந்தயம். கார் விடுகிறவர்கள் எல்லாம் பெண்டாட்டி, பிள்ளை உள்ள ஆண்கள்தான். யாருடைய கார் நின்றாலும் அவரிடம் வருவார்கள். அவர் ஓதும் வேதம் ஒன்றே ஒன்று: நிக்கல் காட்மியம் பேட்டரியைச் சுத்தமாகக் காலி பண்ணாமல் மறுபடி சார்ஜ் போடக் கூடாது, பாதியில் போட்டால் அது பாதிக்கே பழகிவிடும். காலி பண்ணுவதற்கென்றே ஸ்கூட்டர் இண்டிகேட்டர் பல்பில் வயர் வைத்து எல்லோருக்கும் செய்து கொடுத்திருந்தார்; பேட்டரியில் மாட்டினால் மிச்ச சார்ஜ் எரிந்து தீர்ந்து பல்பு அணைந்துவிடும்.

இரண்டாயிரத்து மூன்று கோடையில் திருமங்கலத்து முத்துக்குமரன் வந்து சேர்ந்தான். உரக்கடைக்காரன். அவன் காரில் இருந்தது மெட்டல் ஹைட்ரைடு என்ற புது வகைப் பேட்டரி. மற்ற கார்களெல்லாம் மூச்சு வாங்கி நின்ற பிறகும் அது பாட்டுக்கு ஓடியது. இதைக் காலி பண்ண வேண்டிய அவசியமே இல்லை, அப்படியே சார்ஜ் போடலாம் என்றான். கூட்டம் அவனைச் சூழ்ந்துகொண்டது.

சௌரிராஜனுக்கு வயிறு எரிந்தது. அந்தப் பேட்டரி சும்மா வைத்தாலே இறங்கிவிடும், காட்மியம் மாதிரி ஒரே இழுப்பில் வேகம் தராது என்று சொல்லிப் பார்த்தார். அதில் உண்மையும் இருந்தது. யார் கேட்டார்கள்? வீட்டில் சோறு இறங்கவில்லை. உப்பு கூடிவிட்டதா என்று மனைவி நாகமணி கேட்டதற்கு, உரம் விற்கிறவன் உரத்தோடு நிற்க வேண்டாமா என்று பதில் வந்தது.

கடைசியில் மச்சினன் சாய்பிரசாத்திடம் சொல்லி, சென்னையிலிருந்து அதே வகைப் பேட்டரியை யாருக்கும் தெரியாமல் வரவழைத்தார். முத்துக்குமரனுடையதைவிடப் பெரியது. காலி பண்ண வேண்டாம் என்றவன் முத்துக்குமரன் ஆயிற்றே, அவன் பேச்சைக் கேட்பதா? பல்பை மாட்டிவிட்டார். மாட்டிய கையோடு பரமக்குடியில் ஒரு கல்யாணத்துக்கும் போய்விட்டார். திரும்பி வரும்வரை, அணைந்த பிறகும் பல்பு பேட்டரியிலேயே தொங்கியது. காட்மியமாக இருந்தால் பொறுத்துக்கொண்டிருக்கும். இது அடியோடு வற்றிச் செத்துப்போனது.

அது தெரியாமல் சார்ஜ் போட்டுக் கொண்டுபோனார்; ஞாயிறன்று அவர் கார் முதல் வளைவைக்கூடத் தாண்டவில்லை. ஓடிவந்த முத்துக்குமரன் பேட்டரியைக் கழற்றி மீட்டர் வைத்துப் பார்த்தான். சௌரிராஜனின் பையில் கிடந்த பல்பையும் பார்த்தான். அவனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஆனால் கூட்டத்தின் பக்கம் திரும்பி, "கம்பெனி கோளாறு, அண்ணன் என்ன செய்வாரு? இந்தாங்கண்ணே, என்னோடத மாட்டி விடுங்க" என்றான்.

மானம் தப்பியது. வாயை மூடிக்கொண்டு அவன் பேட்டரியை வாங்கியிருந்தால் பேட்டரி விஷயத்தில் அவர் சொல்லுக்கு இருந்த மதிப்பு அப்படியே நின்றிருக்கும். ஆனால் கூட்டம் முத்துக்குமரனைப் பார்த்தது. என்ன மனுஷன் என்கிற அந்தப் பார்வையைத்தான் சௌரிராஜனால் தாங்க முடியவில்லை. நல்ல பேட்டரியும் அவனுக்கு, நல்ல பெயரும் அவனுக்கா?

"கம்பெனி மேல பழிய போடாத தம்பி," என்றார். "நான்தான் பல்ப மாட்டிக் கொன்னேன்."

வாடிப்பட்டியிலிருந்து கார் விட வரும் காளை, இத்தனை நாளும் அவர் சொல்லைத் தட்டாதவர், முத்துக்குமரன் பக்கம் திரும்பினார். "அப்ப இத எப்படிப்பா சார்ஜ் போடணும்?"

முத்துக்குமரன் சொல்ல ஆரம்பித்தான். எல்லோரும் நெருங்கி நின்று கேட்டார்கள். சௌரிராஜனும் கேட்டார்.