ஏரி இறங்காத படம்

அந்தப் படத்தை நான் பதினான்கு முறை பார்த்திருக்கிறேன். விரும்பிப் பார்க்கவில்லை. முழுப்பரீட்சை லீவுக்கு எடப்பாடிப் பக்கத்துத் தோப்பு வீட்டுக்கு வந்த பேத்தி, என் மகளின் மகள், ஆறு வயது, அதைத் தவிர வேறு எதையும் பார்க்கமாட்டேன் என்றாள். காடு பற்றி எரிகிறது. கண்ணும் வாயும் வைத்த வண்டிகள் பேசிக்கொண்டே போய் அணைக்கின்றன. மொத்தம் பத்தொன்பது வண்டிகள், அதில் மூன்று பறக்கும். இது இரண்டாம் பாகமாம். முதல் பாகத்திலேயே ஒழுங்காக அணைத்திருந்தால் இரண்டாவது எதற்கு என்று கேட்டேன். "அது வேற நெருப்பு, அப்புச்சி" என்றாள்.

என்னை உறுத்தியது தண்ணீர். பறக்கும் வண்டிகள் ஒரே ஏரியில் முப்பத்தொரு முறை மொண்டுகொண்டு போகின்றன. ஏரி ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. முப்பத்து நான்கு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவனால் இதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஒவ்வொரு முறையும் அந்த இடம் வந்ததும், இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வருகிறது பார் என்று சொல்வேன். அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

அப்போது என் தோப்பில் நூற்றுப் பன்னிரண்டு தென்னைகள். அறுபத்தேழு கொண்டை காய்ந்து நின்றன. முன்பு போட்ட ஆறு ஆழ்துளைக் கிணறுகளும் ஒவ்வொன்றாக வற்றிவிட்டன. ஏழாவதுதான் கடைசி என்று மகளிடம் சொல்லியிருந்தேன். அதிலும் தண்ணீர் இல்லையென்றால் வீட்டைப் பூட்டிவிட்டு அஸ்தம்பட்டியில் அவர்கள் வீட்டு மாடி அறைக்குப் போய்விட வேண்டும். மனைவி இறந்து ஆறு வருஷம் ஆகிறது. மறுத்துச் சொல்ல என்னிடம் வேறு காரணம் இல்லை.

நீரோட்டம் பார்ப்பவர் ஒருவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு நடந்தார். அவருக்குக் கொடுக்க ஒரு நல்ல காய் கிடைப்பதற்கே தோப்பை இரண்டு சுற்று சுற்ற வேண்டியிருந்தது. கிழக்கு வரப்பில், மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில், தேங்காய் எழுந்து நின்றது. எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அங்கே குச்சி நட்டேன்.

மறுநாள் விடிந்ததும் திருச்செங்கோட்டிலிருந்து துளை போடும் ரிக் வண்டியும் அதன் பின்னால் கம்ப்ரசர் வண்டியும் வந்தன. "வந்துட்டாங்க, அப்புச்சி" என்றாள் பேத்தி, தான்தான் வரச்சொன்னவள் மாதிரி. நேரே ரிக்காரரிடம் போய், இதில் எந்த வண்டி பெரியவன் என்று விசாரித்தாள்.

"முன்னால நிக்கறவனுங்க சாமி. என்ன, அவனுக்குக் காது மந்தம். கத்தித்தான் சொல்லோணும்" என்றார் அவர், சிரிக்காமல்.

அவளும் கத்திச் சொன்னாள். இஞ்சின் சத்தத்தில் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை.

துளைக்குள் இறக்கும் இரும்பு ராடு ஒன்று இருபது அடி. ஒவ்வொன்றாக இறங்க இறங்க மோட்டார் ரூம் சுவரில் கரியால் கோடு போட்டேன். பதினேழாவது ராடில் மண் ஈரமாக உருண்டு வந்தது. கையில் வாங்கி அமுக்கிப் பார்த்தேன். அடுத்த ராடில் மறுபடி கல் மாவாகப் பறந்தது. அதற்குப் பிறகு மாவுதான். தோப்பு முழுக்க வெள்ளைப் புழுதி. படத்தில் நெருப்பு அடங்கும்போது புகை வெளுக்கும். வேலை முடியப்போகிறது என்று நினைத்துப் பேத்தி கைதட்டினாள். ரிக்காரர் அவளைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஐம்பத்திரண்டாவது ராடு இறங்கியதும் என்னிடம் வந்தார்.

"போதுமுங்க, வாத்தியாரே. கீழ கல்லு மட்டுந்தானுங்க."

"இன்னும் ரெண்டு?"

"ரெண்டென்னங்க, பத்துகூட இறக்கறேன். எனக்குத்தான் மனசு வரலீங்க."

நிறுத்தச் சொன்னேன். ராடுகளை உருவும்போது மறுபடி எண்ணினேன். ஐம்பத்திரண்டும் சரியாக இருந்தன. துளையின் வாயைப் பலகைக் கல்லால் மூடினார்கள்.

திரும்பிப் பார்த்தால், பேத்தி தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து பெரியவனின் முன்சக்கரத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து கத்தியதில் அவனுக்குத் தாகமாக இருக்குமாம். நான் பாட்டிலைப் பிடுங்கினேன்.

"கொட்டாதே. அதுக்குக் காதும் இல்ல, வாயும் இல்ல. அது வெறும் இரும்பு."

பாட்டிலில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. அவள் அழவில்லை. சக்கரத்தில் ஈரம் காய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வண்டிகள் கிளம்பியபோது கை காட்டவும் இல்லை. அன்றிலிருந்து அந்தப் படத்தைப் போடச் சொல்லி அவள் கேட்கவே இல்லை.

வைகாசியில் வீட்டைப் பூட்டினேன். அஸ்தம்பட்டியில் மொட்டை மாடிக்குப் பதினெட்டுப் படி. மேலே நின்றால் ஏற்காட்டு மலை தெரியும். போன மாசியில் ஒரு சாயங்காலம் மலை எரிந்தது. மெல்லிய சிவப்புக் கோடு, ஐந்து துண்டாக. பேத்தியை மேலே கூப்பிட்டேன். அவளிடமிருந்து பிடுங்கியதில் கொஞ்சமாவது திருப்பிக் கொடுக்கலாம் என்று நினைத்தேனோ என்னவோ. பறக்கும் வண்டி வரும், பார்த்துக்கொண்டே இரு என்றேன்.

அவள் கைப்பிடிச் சுவரில் தாடையை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வராது, அப்புச்சி. தண்ணிக்கு எங்க போகும்?"

வீட்டுப்பாடம் இருக்கிறது என்று இறங்கிப் போய்விட்டாள். நான் அங்கேயே நின்றேன். இருட்டுவதற்குள் ஐந்து துண்டு எட்டாகியிருந்தது. வானத்தில் ஒன்றும் வரவில்லை.